சிம்மக்கல்காரரிடம் கொடுத்த பிஸ்டல்

எங்கள் வீட்டில் எந்தச் சாமான் பழுதானாலும் யாரிடம் கொடுக்கலாம் என்று இப்போது என்னிடம் கேட்பதில்லை. மிக்சி ஓடாவிட்டால் என் மனைவி அதைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு தானே கிளம்பிவிடுகிறாள். "எங்க கொண்டு போற?" என்று கேட்டால், "இங்கதான்" என்பாள். இங்கதான் என்றால் எங்கே என்று இரண்டாம் தடவை கேட்க எனக்கு வாய் வருவதில்லை. எல்லாம் ஒரு பிஸ்டலால் வந்தது.

பிஸ்டல் என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். போட்டிகளில் அட்டையைக் குறி வைத்துச் சுடும் ஏர் பிஸ்டல் அது. காற்றை அடைத்து வைத்து, ஈயத்தில் செய்த சின்னக் குண்டைத் தள்ளும். என் மகளுடையது. அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று அவள் சுடப் போகும் ரைபிள் கிளப்பில் சொன்னார்கள். நான் நம்பாமல் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன். அவர்களும் அதையே சொன்ன பிறகும், அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது காக்கிச் சட்டை எதிரே வந்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நான் மதுரை காளவாசலில் பைக்குகளுக்கு சீட் கவர் தைத்துப் போடுகிறவன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். படிப்பு ஏறாமல் நிற்கவில்லை. வீட்டில் யாரும் நிறுத்தவும் இல்லை. பரீட்சை என்றாலே பயம். அந்த வருசம் முழுப்பரீட்சைக்கு முதல் நாள் காய்ச்சல் கண்டது. பரீட்சை முடிந்த அன்றைக்குக் காய்ச்சல் விட்டது. அதற்கு மேல் பள்ளிக்கூடப் பக்கம் கால் போகவில்லை. அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பெண், ஒரு கையை முன்னே நீட்டி, இன்னொரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, ஒரு ஆட்டம் அசைவு இல்லாமல் நிற்பாள். பள்ளியில் என்.சி.சி.யில் ஆரம்பித்த பழக்கம். கன்னியாஸ்திரி அம்மா ஒருவர்தான் இவளுக்குக் கை ஆடாமல் நிற்கிறது என்று கண்டுபிடித்து கிளப்புக்கு அனுப்பி வைத்தார். முதல் தடவை அவள் சுடுவதைப் பார்த்தபோது, இந்த நிதானம் எங்கள் பக்கத்தில் யாரிடமிருந்து வந்தது என்று எனக்கு இன்று வரை பிடிபடவில்லை.

அந்த வருசம் ஜூனியர் பிரிவில் அவளுக்குக் கடைசி வருசம். மாநிலப் போட்டியில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்துவிட்டால் வடக்கே நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகலாம். அதற்கு முந்தைய வருசம் மயிரிழையில் விட்டிருந்தாள். இந்த வருசமும் விட்டால் பெரியவர்கள் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே போலீஸ்காரர்களோடும் ராணுவக்காரர்களோடும் நின்று சுட வேண்டும். அதனால் அந்தப் போட்டி ஒன்றுதான் வீட்டில் பேச்சாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ட்ரிக்கர் மக்கர் பண்ணியது.

விரல் படுகிற அந்தக் கொக்கியைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் மற்றது விளங்கும். அதை இழுத்தால் முதலில் லேசாக வரும். பிறகு ஓர் இடத்தில் நின்றுவிடும். அங்கே நிறுத்தி, மூச்சைப் பிடித்து, குறி சரியாக இருக்கும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் குண்டு போய்விடும். அழுத்தினோமா என்பதே தெரியக் கூடாது, அதுதான் நல்ல ட்ரிக்கர். இவளுடையது பழைய பிஸ்டல், வேறொருவர் சுட்டு விற்றது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நறநறவென்று ஊர்ந்து போக ஆரம்பித்தது. "சோத்துல கல்லு கடிபடுற மாதிரி இருக்குப்பா" என்றாள்.

யாரிடம் கொடுப்பது? எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது.

கிளப் கோச் உடனே ஒரு ஆளைச் சொன்னார். மற்ற பிள்ளைகளின் அப்பாக்களை அவர் சார் என்பார். அவர்கள் டாக்டர், வக்கீல். என்னை மட்டும் அண்ணே என்பார். நானும் ஆரம்பத்தில் அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன்.

"அண்ணே, சென்னையில நம்ம ஆளு இருக்காரு. கூரியர்ல போட்டு விட்டுருங்க. பாத்து அனுப்பிச்சிருவாரு."

"திரும்பி வர எம்புட்டு நாளாகும் சார்?"

"வர்றப்ப வரும்ணே. வேலைன்னா சும்மாவா?"

அந்தச் சென்னைக்காரரிடம் போனில் பேசினேன். வேலை செய்யும்போது ஏதாவது கெட்டுப் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் எதுவும் ஆகாது சார்" என்றார். எதுவும் ஆகாது என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பயம் கூடத்தான் செய்யும். போகிற வழியில் கூரியர்க்காரன் பெட்டியைத் தூக்கி எறிந்தால்? போட்டிக்குள் வராவிட்டால்? வாங்கினவர் போனை எடுக்காவிட்டால்?

அடுத்தது விளாங்குடியில் ஒரு பேங்க் ஆபீசர். அவரும் கிளப்பில் சுடுகிறவர். தன் பிஸ்டலைத் தானே கழற்றி மாட்டிக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். போனால், சாப்பாட்டு மேசையில் அவருடைய பிஸ்டல் பிரித்துக் கிடக்கிறது. இட்லித் தட்டில், குழிக்கு ஒன்றாக, திருகுகளும் ஸ்பிரிங்குகளும். மேலே ஃபேன் சுற்றுகிறது. நான் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயப்படாதீங்க, இதுல ஒண்ணுமே இல்ல, எல்லாம் வீடியோல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஒரு ஸ்பிரிங்கைக் குறட்டால் பிடித்தார். அது டிங்கென்று தெறித்தது. எங்கே போனது என்று தெரியவில்லை. அவரும் அவர் மனைவியும் நானும் குனிந்து தேடினோம். அந்த அம்மா சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்தபடி, "வாரம் வாரம் இதே வேலைண்ணே இவருக்கு. போன வாரம் சாம்பார்ல கெடந்துச்சு" என்றது. நானும் சிரித்தேன். காப்பி குடித்துவிட்டு, மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று கும்பிடு போட்டு வந்துவிட்டேன். அவர் பிஸ்டல் நன்றாகத்தான் சுடுகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் என் மகளின் கடைசி வருசத்தை இட்லித் தட்டில் கொட்ட எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாவது, சிம்மக்கல்காரர். மொத்தக் கடைகளுக்கு நடுவில், லோடு இறக்குகிற வண்டிகளைச் சுற்றிக்கொண்டுதான் அவர் பட்டறைக்குள் நுழைய வேண்டும். தோட்டக்காரர்கள் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருக்கும் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. அவரே சொல்லுவார், மதுரையில என்னைய விட்டா ஆளு கிடையாது என்று. நாம் கேட்க வேண்டியதில்லை, கால் வைத்த உடனே சொல்லிவிடுவார். இன்னின்ன வக்கீல் வீட்டுத் துப்பாக்கி, இன்னின்ன ஜமீன் துப்பாக்கி எல்லாம் தன் கைபட்டது என்று ஒரு கச்சேரியே நடக்கும். அவருடைய வாய் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சென்னைக்காரரிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டேன். வேலை கெட்டுப்போனால்?

"கெடும்ணே. கெடாம என்ன? ட்ரிக்கருக்குள்ள ஒண்ணை ஒண்ணு கவ்வுற பல்லு இம்புட்டுத்தான். ஒரு தேய் கூடத் தேச்சா முடிஞ்சு போச்சு, வேற சாமான் வெளிநாட்டுல இருந்துதான் வரணும். அதனாலதான் நான் தேய்க்க மாட்டேன். மெழுகு போட்டுத் துடைப்பேன், மாட்டிப் பாப்பேன், மறுபடி துடைப்பேன். அவசரம்னா வேற ஆளைப் பாருங்க."

என் வாழ்க்கையில் என் பயத்தைப் பயம் என்று சொல்லாமல், ஆமாம் அப்படி நடக்கும் என்று பதில் சொன்ன ஒரே மனுசன் அவர். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வேலை நடந்த மூன்று நாளும் கடையை என் மனைவியின் தம்பியிடம் விட்டுவிட்டு அந்தப் பட்டறையில் போய் உட்கார்ந்திருந்தேன். "என்னண்ணே, நான் தூக்கிட்டு ஓடிருவேன்னு பாக்குறீங்களா?" என்று சிம்மக்கல்காரர் எரிந்து விழுந்தார். இருந்தாலும் எழுந்து போகச் சொல்லவில்லை. சொன்ன மாதிரியே மெழுகு போட்டுத் துடைத்தார், மாட்டினார், இழுத்துப் பார்த்தார், கழற்றினார். கடைசியில் ட்ரிக்கரின் கனத்தைச் சரி பண்ணும் திருகைத் திருப்பி வைத்து, அரைக்கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ட்ரிக்கர் அரைக்கிலோவுக்குக் குறைந்த கனத்தில் போய்விட்டால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். கல்லோடு கொஞ்சம் ஆணியையும் சேர்த்துத் தொங்கவிட்டார், தாங்கியது. பிறகு மருமகளிடமிருந்து வாங்கி வந்திருந்த பச்சை நகப்பாலிஷை எடுத்து, அந்தத் திருகின் தலையையும் பக்கத்து இரும்பையும் சேர்த்து ஒரு கோடு போட்டார்.

"இந்தக் கோடு முழுசா இருக்குற வரைக்கும் இது என் வேலை. எவனாவது திருகுனா கோடு ஒடைஞ்சிரும். உள்ள ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. துடைக்கிறேன், எண்ணெய் போடுறேன்னு எதுவும் கூடாது. பாப்பாகிட்டயும் சொல்லிருங்க."

வெறுமனே இழுத்துப் பார்க்கக் கொடுத்தார். எனக்கு அந்த வித்தை தெரியாது. ஆனாலும் ஊசி ரெக்சினில் இறங்குவது கைக்குத் தெரியுமே, அப்படி இருந்தது. அதோடு பையில் போட்டுக் கொடுத்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவர் பிஸ்டலை வாங்கி, பட்டறையில் மாட்டியிருந்த சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். சூடம் காட்டினார். சந்தனத்தைக் குழைத்து, ட்ரிக்கருக்கு நேர் மேலே இரும்பில் கட்டைவிரல் அகலத்துக்கு அப்பினார். அதன் நடுவில் குங்குமம். தாராளமான கை அவருக்கு.

நான் குனிந்து பார்த்தேன். சந்தனத்துக்குக் கீழேதான் ட்ரிக்கர் உள்ளே போகும் சந்து.

"அண்ணே, இது காஞ்சா உதிருமே. உள்ள போயிராதா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் பட்டறைய விட்டு வெறும் இரும்பா எதுவும் வெளிய போனதில்ல. எங்கப்பா காலத்துப் பழக்கம். இம்புட்டு வருசத்துல ஒரு துப்பாக்கியும் என்மேல கோவிச்சதில்ல. பொட்டுக்கு ஏன்ணே பயப்படுறீங்க?"

பன்றி விரட்டுகிற துப்பாக்கிக்குள் ஒரு படி சந்தனம் போனாலும் அது வெடிக்கும், இது அப்படி இல்லையே என்று கேட்க நினைத்தேன். அதற்குள் என்னைக் கூட்டிப் போக வண்டியோடு வந்திருந்த மச்சினன் வாசலில் நின்று சிரித்தான். "அண்ணே, எங்க மச்சானுக்குச் சாமி கும்புடுறப்ப மணி சத்தம் கேட்டாலே படபடன்னு வரும். நீங்க குடுங்க." வண்டியில் வரும்போதும் விடவில்லை. "மச்சான், பொட்டு வச்ச பொண்ணு, பத்திரமா மடியில வச்சுக்கங்க."

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு மாப்ள" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கடையிலிருந்து கொண்டு வந்த பனியன் துணியில் ஒரு துண்டைக் கிழித்து, மெல்லத் துடைத்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். என் மனைவி பார்த்துவிட்டாள்.

"கைய எடுங்க மொதல்ல. போட்டிக்குப் போற சாமான், வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொட்டை அழிப்பாங்களா? விளங்குமா?"

"காஞ்சு உள்ள உதிரும்டி."

"ஆமா, உலகத்துல எல்லாம் உங்களுக்குத்தான் உதிரும்."

மகள் வந்தாள். பிஸ்டலை எடுத்து, சுவரைப் பார்த்து, இழுத்தாள். மறுபடி இழுத்தாள். முகம் அப்படியே மலர்ந்து போனது. "ப்பா! சூப்பரா இருக்குப்பா!" அந்தச் சந்தோசத்துக்கு நடுவிலும் நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தப் பொட்டை மட்டும்மா..." என்று இழுத்தேன். அவள் பிஸ்டலைக் கீழே வைத்தாள். சிரிப்பு போய்விட்டது.

"ப்பா, ப்ளீஸ். நீங்க பயந்தா அது என் விரல்ல வருது. போட்டி முடியிற வரைக்கும் எதுவும் பேசாதீங்க."

துணியைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள்களில் கிளப்பில் அவள் சுட்டது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வேண்டிய மதிப்பெண்ணுக்கு மேலேயே தினமும் எடுத்தாள். கோச்சும் பிஸ்டலை வாங்கி இழுத்துப் பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். பொட்டைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பொண்ணு பாக்க வர்றாங்களா இதுக்கு?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். சிரித்த கூட்டத்தில் ஒருவருக்காவது, இதைத் துடைத்துவிடுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. பொட்டின் ஓரம் காய்ந்து, எங்கள் வறண்ட கண்மாய்த் தரை மாதிரி வெடித்திருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். நாளுக்கு நாள் அது சிறுத்துக்கொண்டே வந்தது. சிறுத்ததெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டால் பேசாதீங்க என்பார்கள்.

போட்டி வேறு ஊரில். பஸ்ஸில் பெட்டியை என் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். பெட்டிக்குள் பிஸ்டல் ஆடாமல் இருக்க நானே ஃபோம் வெட்டிப் பதித்திருந்தேன். ஆனால் பஸ் குலுங்கத்தானே செய்யும். காலையில் ட்ரிக்கரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். தாங்கியது. சுடலாம் என்று பிஸ்டலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எனக்கே கொஞ்சம் மூச்சு வந்தது.

நான் பின்னால் நாற்காலியில் இருந்தேன். அவள் நம்பருக்கு மேலே இருந்த திரையில் ஒவ்வொரு குண்டும் எங்கே விழுந்தது என்று தெரியும். பத்து, ஒன்பது, பத்து, பத்து. பாதியைத் தாண்டும் வரை நடுவில்தான் விழுந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரு குண்டு. அவள் கை இன்னும் மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது, குறிக்கே வரவில்லை, போய்விட்டது. திரையில் புள்ளி வட்டத்துக்கெல்லாம் வெளியே ஓரத்தில் கிடந்தது. அவள் பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு எனக்குத் தெரிந்த முதுகு. பரீட்சைக்குப் போகாத நான்தான் அங்கே நின்றேன்.

பிறகும் சமாளித்தாள். எட்டும் ஒன்பதுமாக வந்தது. விரலைக் கொக்கியில் வைக்கவே யோசிக்கிறாள் என்பது எனக்குக் கூடத் தெரிந்தது. முடியப் போகிற நேரத்தில் இன்னொன்று அதே மாதிரி போனது. அவ்வளவுதான். இரண்டு குண்டில் வடக்கே போகிற வழி அடைபட்டது.

வெளியே வந்து, "நான் அழுத்தவே இல்லப்பா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

கோச் பிஸ்டலின் கைப்பிடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். சந்தனமும் குங்குமமும் எண்ணெயில் ஊறிச் சிவப்புச் சேறாகப் பல்லுக்கு இடையில் அப்பியிருந்தது. பல்லும் பல்லும் முழுசாகக் கவ்வவில்லை, அதனால்தான் தானாக விட்டிருக்கிறது என்றார். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் அப்பா உச்சுக்கொட்டினார்.

"எந்த ஊர்லணே ட்ரிக்கருக்குள்ள குங்குமம் போடுவாங்க? அப்பவே சொன்னேன்ல, நம்ம ஆளுகிட்டக் குடுங்கன்னு" என்றார் கோச்.

பொண்ணு பார்க்க வருகிறார்களா என்று கேட்ட அதே வாய்தான்.

வீட்டில், "பாத்துப் பாத்து ஆளு புடிச்சீகளே, நல்லாப் புடிச்சீக" என்றாள் மனைவி. கையை எடுங்கள் என்று சொன்னது அவள்தான் என்பது அவளுக்கு ஞாபகமே இல்லை. மச்சினன், "போன வழியில போகட்டும் மச்சான், அடுத்த தடவையாச்சும் கொஞ்சம் யோசிச்சுச் செய்ங்க" என்றான். என்னைப் பார்த்து, யோசிச்சுச் செய்யச் சொல்கிறான்! சிம்மக்கல்காரரிடம் போய்ச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று ஒரு நினைப்பு. "உள்ள போற அளவுக்கு உங்க வீட்டுல சாமானை எப்படிப் போட்டு உருட்டுனீங்க?" என்று கேட்டார்.

அத்தனை பேரும் அடித்துச் சொன்ன கதை ஒன்றுதான்: அப்பன் தப்பான ஆளிடம் கொடுத்துவிட்டான். உதிரும் என்று நான் சொன்னது யார் காதிலும் விழுந்ததாகவே இல்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் ஒரு தடவை சரியாகப் பயந்தாலும் அது கணக்கில் வராது போல.

கொஞ்ச நாள் கழித்து பீரோவுக்குள் பெட்டியைக் காணவில்லை. மகளிடம் கேட்டேன்.

"சென்னைக்கு அனுப்பிச்சாச்சுப்பா. கோச் சார் சொன்ன ஆளுக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொன்னா கூரியர் பின்னாடியே நீங்களும் ஓடுவீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சொன்ன நாளுக்கு ரொம்பப் பிந்தித் திரும்பி வந்தது. பிரித்துக் கையில் எடுத்து, சுவரைப் பார்த்து இழுத்தாள். "இப்பத்தான்பா சரியா இருக்கு. என்ன இருந்தாலும் தெரிஞ்ச ஆளு கை பட்டா தனிதான். ட்ரிக்கரை முழுசா மாத்தி செட் பண்ணிருக்காராம்."

கொடும்மா பார்க்கலாம் என்று வாங்கினேன். நானும் இழுத்துப் பார்த்தேன். ஊசி ரெக்சினில் இறங்குகிற அதே இழுப்பு. பொட்டு இருந்த இடம் சுத்தமாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, சந்து வழியாக உள்ளே பார்த்தேன். திருகின் தலையிலிருந்து பக்கத்து இரும்புக்குப் போகும் பச்சைக் கோடு இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு விரிசல் இல்லை. சிம்மக்கல்காரர் போட்டது போட்டபடி. சென்னைக்காரர் கழுவித் துடைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் பெரியவர்கள் பிரிவில் முதல் போட்டி. என்னை வர வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

"என்னப்பா அம்புட்டு நேரம் பாக்குறீங்க? இதுலயும் ஏதாச்சும் பயமா?"

"இல்லம்மா. நல்லா இருக்கு" என்று நான் வெட்டிய ஃபோமில் வைத்துப் பெட்டியை மூடினேன்.